ஆற்றுக் கெண்டை தண்ணீர் குடிப்பதை நிறுத்திய கதை

இந்தக் கதையை நான் நேராகக் கேட்டதில்லை. கொள்ளிடம் கடலில் சேரும் பக்கத்தில் மீன் ஏலம் எடுக்கிற ஒருவர் என் விடுதித் தோழி ஜெனோவாவின் அப்பாவிடம் சொன்னார். அவர் மகளிடம் சொன்னார். அவள் தேர்வுக்கு முந்தின வாரம், சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். வருகிற வழியில் ஏதாவது கூடியோ குறைந்தோ இருக்கலாம். நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் ஆற்றுத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் ருசியில் வித்தியாசம் கிடையாது. இரண்டும் கஞ்சிக்குப் போட்ட உப்பு அளவுக்கு லேசாகக் கரித்தன. மீன்களின் உடம்புக்குள்ளும் அதே கரிப்புத்தான். மீன்கள் பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் ஆற்றிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து ஆற்றுக்கும் பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோலப் போய்வந்தன.

ஒரு மீனின் உடம்பு என்பது ஓர் ஊர் மாதிரி. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி, எண்ணி முடியாத அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீரும் உப்பும் உண்டு. சுவர்கள் மிக மெல்லியவை. தண்ணீர் அவற்றின் வழியே சுலபமாகக் கசிந்துவிடும். எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கம் போவது தண்ணீரின் குணம். அதை யாரும் கூப்பிட வேண்டாம். வராதே என்றாலும் கேட்காது. உப்பால் அப்படிச் சுவரில் நுழைய முடியாது. ஆனால் எங்காவது ஓர் இடுக்கு கிடைத்தால், நெரிசலான பக்கத்திலிருந்து காலியான பக்கத்துக்கு மெதுவாக நழுவிவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே கரிப்பாக இருந்தவரை வந்ததும் போனதும் சரிக்குச் சரியாக இருந்தது. இப்படி ஒன்று நடக்கிறது என்றே எந்த மீனுக்கும் தெரியாது.

கொள்ளிடத்தில் மயிலாயி என்ற கெண்டை இருந்தாள். அவள் தங்கை வேம்புவைக் கடலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மயிலாயியின் கணவர் நல்லவர். யார் எதைச் சொன்னாலும் வாலை ஆட்டுவார். அதனால் அந்த வீட்டில் அவர் சொல் என்று எதுவும் இருந்ததில்லை. எல்லாம் மாமியார் பெரியநாயகி வைத்ததுதான் சட்டம்.

ஆற்று மீன்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "தண்ணி குடிச்சியா?" என்பதுதான். குடித்தேன் என்றாலும் விடமாட்டார்கள். ஆற்றின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. அங்கே போய் நத்தை ஓட்டில் தண்ணீர் மொண்டு, மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். வாங்கியவர் அதை விழுங்கியே ஆகவேண்டும். விழுங்காவிட்டால் இனி இந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்று பொருள்.

மயிலாயி கல்யாணமாகி வந்த புதிதில் ஒருமுறை கேட்டுவிட்டாள். "நாம நிக்கிறதே தண்ணியிலதானே அத்தை? இதுல மொண்டு வேற குடுக்கணுமா?"

"ஏன், உங்க வீட்டுல குடுக்க மாட்டாங்களோ?" என்றாள் பெரியநாயகி.

அதற்கப்புறம் மயிலாயி கேட்கவில்லை. கொடுத்ததைக் குடித்தாள்.

இப்படி இருக்கும்போது ஒரு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மலையைக் கழுவி, காட்டைக் கழுவி, மண்ணில் இருந்த உப்பையெல்லாம் அரித்து ஆற்றில் கொட்டியது. ஆறு அதை அப்படியே கொண்டுபோய்க் கடலில் தள்ளியது. மழை நின்றபோது ஆற்றுத் தண்ணீர் சப்பென்று ஆகிவிட்டது. கடல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரித்தது.

அன்றிலிருந்து மயிலாயியின் உடம்பு ஊத ஆரம்பித்தது. வெளியே உப்பு இல்லை, உள்ளே உப்பு இருக்கிறது. தண்ணீர் விடுமா? சுவரெல்லாம் கசிந்து உள்ளே வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருந்த உப்போ செவுளின் இடுக்குகள் வழியே ஒவ்வொன்றாக வெளியே நழுவியது. காலையில் எழுந்தால் கண் பிதுங்கியிருக்கும். செதில்கள் நெட்டுக்குத்தாக நிற்கும். திரும்பிப் படுக்க முடியாது.

ஆறு முழுக்க இதே கதைதான். பெரியநாயகி மட்டும் ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டாள். "எல்லாரும் நல்லா சதை போட்டிருக்காங்க. மழை பெஞ்ச புண்ணியம்" என்றாள்.

அந்தப் பருவத்தில் மயிலாயியின் வயிற்றில் இருந்த சினை முழுவதும் உள்ளேயே தண்ணீர் கோத்து உடைந்தது. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. அவள் கோரைப்புல்லின் ஓரமாகப் போய் யாரோடும் பேசாமல் கிடந்தாள். பெரியநாயகி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் வருத்தம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் வரும்போதே மூக்கால் நத்தை ஓட்டைத் தள்ளிக்கொண்டுதான் வந்தாள்.

"சூடு. எல்லாம் உடம்புச் சூடு. நான் அப்பவே சொன்னேன், நீ தண்ணி பத்தாம குடிக்கிறேன்னு."

"அத்தை, எனக்கு உடம்பு முழுக்கத் தண்ணியாத்தான் இருக்கு."

"அது கெட்ட தண்ணி. இது ஊத்துத் தண்ணி. குடி."

மயிலாயி கணவரைப் பார்த்தாள். அவர் வாலை ஆட்டினார். அவள் குடித்தாள்.

அடுத்த பருவம் வந்தது. மறுபடியும் வயிற்றில் சினை பிடித்தது. இந்த முறையும் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று மயிலாயிக்குத் தெரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு நத்தை ஓட்டோடு வருவார்கள் என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் கொடுவா மாமா கடலிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் கொடுவா மீன், ஊர் சுற்றி. ஆற்றுச் செய்தியைக் கடலுக்கும் கடல் செய்தியை ஆற்றுக்கும் கொண்டுபோவதுதான் அவர் வேலை. மழைக்கு அப்புறம் அவர் படாத பாடு பட்டார்.

"அங்க போனா கருவாடு மாதிரி சுருங்கிடறேன். இங்க வந்தா பூசணிக்கா மாதிரி ஊதிடறேன். எனக்குன்னு ஒரு உடம்பு எதுன்னே தெரியலம்மா" என்று அலுத்துக்கொண்டார்.

"வேம்பு எப்படி இருக்கா மாமா?"

"இருக்கா. ஆனா பாதியா இருக்கா. வெளியில அத்தனை உப்பு. இவ உடம்புத் தண்ணி பூரா அதைப் பாத்து ஓடிடுது. தோல் சுருங்கிப்போச்சு. இதுல உங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வேற ஒரு விரதம் ஆரம்பிச்சிருக்காங்க."

"என்ன விரதம்?"

"கடல் கெட்டுப்போச்சாம். அந்தத் தண்ணி ஒரு சொட்டு வாய்க்குள்ள போனாலும் பாவமாம். எல்லாரும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு இருக்காங்க. பேசறதுகூட மூக்காலதான்."

மயிலாயிக்குத் தலை சுற்றியது. ஊதிச் சாகிறவர்கள் இங்கே விடாமல் குடிக்கிறார்கள். வற்றிச் சாகிறவர்கள் அங்கே வாயையே திறப்பதில்லை. யாராவது ஒருவருக்காவது அறிவு வேண்டாமா?

"மாமா, இதுக்கு வழியே இல்லையா?"

"ஒருத்தன் இருக்கான். கழிமுகத்துச் சேத்துல நண்டு மேஸ்திரி. வேலை நல்லாத் தெரியும். என்ன ஒண்ணு..." என்று இழுத்தார்.

"என்ன?"

"வேலையை முடிக்க மாட்டான்."

நண்டு மேஸ்திரி தன் வளை வாசலில் பக்கவாட்டில் நடந்துகொண்டே அவர்கள் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவர் வலப்பக்கம் வெகுதூரம் போயிருந்தார். மயிலாயி பின்னாலேயே நீந்திப்போய் மீதியைச் சொல்லவேண்டியிருந்தது.

"சுவரைக் கெட்டியாக் கட்டிக்குடுங்க மேஸ்திரி. தண்ணி உள்ள வராத மாதிரி."

"முடியாதும்மா. தண்ணியப் பிடிக்க எவனாலயும் முடியாது. நான் கல்லு வெச்சுக் கட்டினாலும் கசிஞ்சு வரும். கெட்டியா அடைச்சுட்டா அப்புறம் நீ மூச்சு எதால விடுவ?" மேஸ்திரி கொடுக்கைத் தூக்கிக் காட்டினார். "உப்பைத்தான் பிடிக்கலாம். உன் செவுள்ல வரிசையாச் சின்னச் சின்னக் கதவு வெச்சுத் தர்றேன். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஆள். ஆத்துத் தண்ணியில அங்கங்க கொஞ்சம் உப்பு இன்னும் இருக்கு இல்ல? அதை அந்த ஆள் பிடிச்சு இழுத்து உள்ள போடுவான். உன் உடம்புலேர்ந்து நழுவிப் போற உப்புக்கு ஈடாயிடும். உன் தங்கச்சிக்கு எதிர்க் கதவு. உள்ள இருக்கிற உப்பைப் பிடிச்சு வெளிய தள்ளும்."

"உப்பு தானா அப்படிப் போகுமா? கம்மியா இருக்கிற எடத்துலேர்ந்து அதிகமா இருக்கிற எடத்துக்கு?"

"தானாப் போகாது. அதுக்குத்தானே ஆளு. ஆளுக்குச் சோறு போடணும். நீ சாப்பிடறதுல ஒரு பங்கு அவனுக்கு. சோறு நின்னா கதவு நின்னுடும், சொல்லிட்டேன்."

"எப்ப வர்றீங்க?"

"நாளைக்கே."

நாளைக்கு அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆள் அனுப்பினால் வெள்ளம் இறங்கட்டும் என்றார். வெள்ளம் இறங்கியதும் சேறு காயட்டும் என்றார். ஆற்றுக்கு அடியில் சேறு எங்கே காயும்? மயிலாயி தானே போய் வளை வாசலில் நின்றாள். மேஸ்திரி உள்ளே இருந்துகொண்டே தான் இல்லை என்று சொல்லியனுப்பினார். அவர் கொடுக்கு வெளியே தெரிந்தது.

"கொடுக்கு தெரியுது மேஸ்திரி" என்றாள் மயிலாயி.

ஒருவழியாக வந்தார். கதவுகளை அழகாகத்தான் செய்திருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே பக்கம் மட்டும் திறக்கும். மயிலாயியின் செவுளில் மாட்டினார். அதே வேகத்தில் கடலுக்குப் போய் வேம்புவுக்கும் மாட்டிவிட்டு வந்தார். வளைக்குத் திரும்பும்போது மயிலாயியிடம், "ரெண்டு நாள்ல பாரு, அம்பு மாதிரி ஆயிடுவ" என்றார்.

இரண்டு நாளில் மயிலாயிக்கு வால் இழுத்துக்கொண்டது. நீந்த முடியவில்லை. கண்ணைக் கட்டியது. ஊதல் குறையவில்லை. இருந்த கொஞ்சநஞ்ச உப்பும் உடம்பை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கடலிலிருந்து ஓடிவந்த கொடுவா மாமா, வேம்புவின் நிலைமை இன்னும் மோசம் என்றார். ஏற்கெனவே உப்பில் வாடியவளுக்குள் கதவு இன்னும் உப்பை வாரிக் கொட்டுகிறது.

மயிலாயி நொண்டி நொண்டி நீந்தி வளை வாசலுக்கு வந்தாள்.

"மேஸ்திரி, கதவு எல்லாம் தலைகீழா மாட்டியிருக்கீங்க. எனக்கு உள்ள இழுக்கணும். இது வெளிய தள்ளுது."

"இருக்காதே. சரியாத்தான் மாட்டினேன். உள் பக்கம் உள்ள, வெளிப் பக்கம் வெளிய."

"எது உள் பக்கம்?"

மேஸ்திரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. தன் ஓட்டைக் கொடுக்கால் தட்டிக் காட்டினார். "எலும்பு எந்தப் பக்கம் இருக்கோ அது வெளிப் பக்கம். சதை எந்தப் பக்கம் இருக்கோ அது உள் பக்கம். உனக்கு எலும்பு நடுவுல இருந்துச்சு. சரி, இந்தம்மாவுக்கு வெளிப்பக்கம் நடுவுல இருக்குதுபோலன்னு அதைப் பாத்து மாட்டினேன்."

கொடுவா மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேஸ்திரி," என்றாள் மயிலாயி மிக மெதுவாக, "உலகத்துல எலும்பை வெளிய மாட்டிக்கிட்டுத் திரியறது நீங்க மட்டும்தான்."

"இறாலும் இருக்கு" என்றார் மேஸ்திரி.

"கழட்டித் திருப்பி மாட்டிக்குடுங்க."

"அது திரும்பாதும்மா. செதுக்கினது செதுக்கினதுதான். புதுசாத்தான் செய்யணும். ஆனா நான் தோலு உரிக்கப்போற நேரம். உரிச்சா உடம்பு பஞ்சு மாதிரி ஆயிடும், எவனாவது பிடிச்சுத் தின்னுடுவான். வளைக்குள்ள போனா ஓடு கெட்டியாகிறவரைக்கும் வெளிய வரமாட்டேன். அதுக்கப்புறம் நாளைக்கே வர்றேன்."

சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் வளைக்குள் போய்விட்டார்.

மயிலாயியின் வயிறு கல்லாக இறுகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் ஒரு வழி பார்க்காவிட்டால் போன தடவை மாதிரியேதான். அழலாம் என்று தோன்றியது. ஆனால் அழுதால் அத்தை தண்ணீர் கொண்டுவருவாள். அந்தக் கோபத்திலேயே அவளுக்கு யோசனை வந்தது.

"மாமா, என் கதவு உப்பை வெளிய தள்ளுது. வேம்புவோட கதவு உள்ள இழுக்குது. அவளுக்கு வேண்டியது என்கிட்ட இருக்கு. எனக்கு வேண்டியது அவகிட்ட இருக்கு."

கொடுவா மாமா ஆற்றுப் பக்கம் ஒருமுறை, கடல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அடடே" என்றார்.

வேம்புவைக் கூட்டிவரக் கொடுவா மாமா கடலுக்குப் போக, மயிலாயி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினாள். கழிமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் பெரியநாயகி மகனையும் கூட்டிக்கொண்டு கூடவே வந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தனியாக விடக் கூடாதாம். நத்தை ஓட்டையும் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நிற்கச் சொன்னாள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஓடு தண்ணீர்.

"அத்தை, போதும்."

"ஒரு மிடறுதான்."

"வயிறு வெடிச்சுடும் அத்தை."

"நல்ல நாள்ல வாயைப் பாரு! குடி."

ஆறும் கடலும் சேரும் இடத்தில் வேம்பு காத்திருந்தாள். மயிலாயிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. விலா ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது. உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள்.

"ஏண்டி இப்படி ஆயிட்ட?"

"ம்ம்" என்றாள் வேம்பு.

"வாயைத் திறந்து பேசுடி."

வேம்பு மூக்கால் பேசினாள். "விரதம்க்கா. மாமனார் பாத்தா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு."

பெரியநாயகி ஓட்டை முன்னால் தள்ளினாள். "வந்த பொண்ணு வாடிப்போய் நிக்கறா. முதல்ல தண்ணி குடி தாயி."

வேம்பு தலையை ஆட்டி மறுத்தாள். பெரியநாயகியின் முகம் விழுந்துவிட்டது. "பாத்தியா, கடல்ல வாழ்ந்ததும் நம்ம தண்ணி கசந்துபோச்சு" என்று மயிலாயியிடம் முறையிட்டாள். மயிலாயிக்குத் தண்ணீரை விட்டு வெளியே குதித்துவிடலாமா என்று இருந்தது. ஒருத்தி கொடுப்பதை நிறுத்தமாட்டாள். ஒருத்தி வாயைத் திறக்கமாட்டாள். இரண்டு பேரும் அவள் சொந்தம்.

அக்காளும் தங்கையும் செவுளோடு செவுள் ஒட்டி உரசினார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தன. இடையில் நழுவி விழுந்தவற்றை மண்ணில் போகாமல் கொடுவா மாமா தன் செவுளில் ஏந்திக்கொண்டார். அதில் இரண்டு வகையும் கலந்திருந்தன. எல்லாம் முடிந்த பிறகு திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். கடைசிவரை கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சற்று நேரத்தில் மயிலாயிக்கு வால் இழுப்பு விட்டது. கண் தெளிந்தது. அங்கங்கே மிதந்த உப்பைக் கதவுக்காரர்கள் பிடித்து இழுத்து உள்ளே போடுவதை அவளால் உணர முடிந்தது. உடனே பசித்தது. ஆட்களுக்குச் சோறு வேண்டுமே.

வேம்புவின் உடம்பிலிருந்து உப்பு வெளியே போக ஆரம்பித்தது. ஆனால் அவள் சுருக்கம் அப்படியேதான் இருந்தது. உள்ளே தண்ணீர் இருந்தால்தானே நிமிர?

"வேம்பு, வாயைத் திற. இந்தக் கடல் தண்ணியைக் குடி."

"கரிக்கும்க்கா."

"கரிக்கட்டும். உப்பைத் தள்ளத்தான் இப்ப உனக்குக் கதவு இருக்கே. உப்பு அந்த வழியாப் போயிடும். தண்ணி உனக்கு மிஞ்சும்."

"மாமனார்..."

"உன் மாமனாரை நான் பாத்துக்கறேன். நான் இனிமே குடிக்க வேண்டியதையும் சேர்த்து நீ குடி."

அதைக் கேட்டதும் பெரியநாயகி திரும்பினாள். "இனிமே குடிக்க வேண்டியதுன்னா? நீ குடிக்கமாட்டியா?"

வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் வந்தது நிஜம். மயிலாயி அதை விழுங்கவில்லை. "மாட்டேன் அத்தை. தண்ணி எனக்குள்ள தானாவே வந்துக்கிட்டுதான் இருக்கு. தோல் வழியா வருது, செவுள் வழியா வருது. வந்ததை வெளிய விடறதுக்கே எனக்கு நேரம் பத்தலை. இதுல வாய் வழியாவும் ஊத்தினா என் பிள்ளைங்க பொழைக்காது."

"என் வீட்டுத் தண்ணி பிள்ளையைக் கொல்லுமா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"நீ அப்படித்தான் சொன்ன. ஏண்டா, கேட்டியா உன் பொண்டாட்டி சொன்னதை?"

கணவர் வாலை ஆட்டப்போனார். மயிலாயி அவரைப் பார்த்தாள். வால் பாதியில் நின்றது. அந்த வீட்டில் அதுவரை நடந்ததிலேயே பெரிய விஷயம் அதுதான் என்று சொல்வார்கள்.

வீடு திரும்பியதும் பெரியநாயகி இரை எடுக்கவில்லை. கோரைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். அக்கம்பக்கத்து மீன்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போயின. வந்தவர்கள் எல்லாரும் மயிலாயியிடம் கேட்டார்கள்: "ஒரு மிடறு குடிச்சா என்ன குறைஞ்சுடப் போகுது? பெரியவங்க மனசு கோணலாமா?" கேட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் கண் பிதுங்கியிருந்தது, செதில் நட்டுக்கொண்டு நின்றது. மயிலாயி விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். உப்பு, சுவர், கதவு என்று ஆரம்பித்தாலே "அதெல்லாம் சரி, ஆனா ஒரு மிடறு..." என்றார்கள். நாலாவது ஆளுக்கு மேல் அவளுக்கு வாய் வலித்தது.

சினை இறங்குகிற வேளை வந்தது. மயிலாயி வலியில் புரண்டாள். பெரியநாயகியால் அதற்கு மேல் கோபமாக இருக்க முடியவில்லை. எழுந்து போனாள், ஊற்றில் மொண்டாள், ஓட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் முகம் வாடியிருந்தது. பட்டினி கிடந்ததில் மூக்கு நடுங்கி, ஓட்டிலிருந்து பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது.

"எனக்கு வேற என்ன குடுக்கத் தெரியும் சொல்லு?" என்றாள். "வாங்கிக்கடி."

மயிலாயி அந்த ஓட்டைப் பார்த்தாள். குடித்தால் இத்தனை நாள் பட்ட பாடு வீண், பிள்ளைகள் போய்விடும். குடிக்காவிட்டால் இந்தக் கிழவி போய்விடுவாள். சண்டை போடவும் தெம்பில்லை. விளக்கம் சொல்லவும் தெம்பில்லை. சீ, என்னதான் செய்வது என்ற சலிப்பில், அவள் வாயை அகலமாகத் திறந்தாள்.

பெரியநாயகி ஓட்டைச் சாய்த்தாள். தண்ணீர் வாய்க்குள் போனது. மயிலாயி வாயை மூடினாள். தொண்டையையும் இறுக மூடினாள். பிறகு, யாரும் பார்க்காத பக்கமாகச் செவுள் மூடியைக் கொஞ்சம் தூக்கி, வாங்கிய தண்ணீர் முழுவதையும் அந்த வழியாக வெளியே விட்டுவிட்டாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை.

"குடிச்சிட்டியா?"

மயிலாயி மறுபடி வாயைத் திறந்து காட்டினாள். காலியாக இருந்தது.

"இதுக்குத்தானே இத்தனை பாடு" என்றாள் பெரியநாயகி. அவள் முகம் மலர்ந்தது. உடனே போய் இன்னொரு ஓடு கொண்டுவந்தாள். மயிலாயி அதையும் வாங்கினாள்; அதையும் விட்டாள். அன்று முழுவதும் வாங்குவதும் விடுவதுமாகவே போனது. வாய் ஓயவில்லை. ஆனால் வயிறு இலேசாகத் தொடங்கியது. உள்ளே தானாக வந்த தண்ணீரை மட்டும் வெளியேற்ற அவள் உடம்பால் முடிந்தது. செதில்கள் படிந்தன. மாலையில் கோரைத் தண்டுகளின் நடுவே அவள் முட்டையிட்டாள். ஒன்றுகூட உடையவில்லை.

குஞ்சுகள் வெளியே வந்தபோது பெரியநாயகிதான் முதலில் பார்த்தாள். "ஊத்துத் தண்ணியோட மகிமை" என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். மயிலாயி மறுத்துப் பேசவில்லை. குஞ்சுகளை வரிசையாக நிறுத்தி, அம்மா வாங்குவதுபோல வாங்கி அம்மா விடுவதுபோல விடச் சொல்லிக்கொடுத்தாள். அவற்றின் செவுள்களில் கதவுகள் பிறவியிலேயே இருந்தன. அவற்றைப் பார்த்து மற்ற மீன்களும் கற்றுக்கொண்டன; ஓடு கெட்டியான பிறகு மேஸ்திரி ஆற்றிலும் கடலிலும் மற்றவர்களுக்கும் கதவு மாட்டினார், இந்த முறை சரியாக. கடலில் வேம்பு பளபளவென்று தேறிவந்ததைப் பார்த்ததும் அவள் மாமனார் ஒன்றும் சொல்லாமல் தாமே ஒரு பாறை மறைவில் போய்க் குடித்துவிட்டு வந்தார் என்று கேள்வி.

ஆற்று மீன் நாள் முழுவதும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தும் தண்ணீரை விழுங்காமல் செவுள் வழியே விட்டுவிடுவதும், கடல் மீன் கரிக்கக் கரிக்கக் குடித்துவிட்டு உப்பை மட்டும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதும், கொடுவா மட்டும் இரண்டு இடத்திலும் சௌக்கியமாகத் திரிவதும் அன்று முதல்தான்.

பின்னால் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். மேஸ்திரியைப் பற்றி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நன்னீர் மீன் தண்ணீரைப் பெரும்பாலும் குடிப்பதில்லை என்பதும், அதன் செவுளில் உள்ள செல்கள் ஆற்றல் செலவழித்து உப்பை உள்ளே இழுக்கின்றன என்பதும் உண்மை. அது குடிக்காவிட்டாலும் தண்ணீர் தோலையும் செவுளையும் தாண்டி உள்ளே வருவது நிற்பதே இல்லை. அதனால் அந்த மீன் உயிரோடு இருக்கும்வரை சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கிறது.